ஒரே அடுப்பு, குறைந்த காசு: கல்லூரி மாணவர்களுக்கான முழுமையான சமையல் வழிகாட்டி

கல்லூரியில் சேர்ந்த முதல் மாதம், நாமே சமைத்துச் சாப்பிட்டால் காசு மிஞ்சும் என்று நம்பி ஒரு வீடியோவைப் பார்த்துச் சமையலில் இறங்கினேன். அது பதினான்கு பொருள் கேட்டது. பதினான்கையும் வாங்கினேன். ஒவ்வொன்றிலும் ஒரு கரண்டி, அரைக் கரண்டி எடுத்துப் போட்டதோடு சரி. மீதி? கீரை இரண்டே நாளில் அழுகியது, கிரீம் புளித்துப்போனது, ஒரு சாஸ் பாட்டில் மட்டும் படிப்பு முடியும் வரை அலமாரியில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டே இருந்தது. அந்த ஒரு வேளைக்குச் செலவானதில் வெளியே மூன்று வேளை சாப்பிட்டிருக்கலாம்.

குறிப்பை முதலில் எடுத்துக்கொண்டு அதற்காகக் கடைக்குப் போனால் காசு கரையும். வீட்டில் என்ன இருக்கிறது என்று முதலில் பார்த்து, அதை வைத்து என்ன செய்யலாம் என்று யோசித்தால் காசு நிற்கும். எனக்கு இது புரிய ஒரு வருடம் ஆனது. அதனால் இந்த வழிகாட்டியில் பெயர் சொல்லும்படியான பதார்த்தம் எதுவும் இருக்காது. சோறு, பருப்பு, வெங்காயம் தக்காளி மசாலா, முட்டை என்று நாலே வேலைதான். இந்த நாலும் கைக்கு வந்துவிட்டால் மற்றதெல்லாம் ஒன்றை இன்னொன்றோடு சேர்ப்பதுதான்.

முதல் படி: உங்களிடம் என்ன அடுப்பு இருக்கிறது?

எல்லாமே இதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. விடுதியில் மின்சார அடுப்புக்கு அனுமதி இல்லை என்றால் கட்டிலுக்கு அடியில் ஒளித்துவைத்துச் சமைக்கிற வேலை வேண்டாம். கெட்டிலும் இண்டக்‌ஷன் அடுப்பும் தனித்தனியே 1500 முதல் 2000 வாட் வரை இழுக்கக்கூடியவை. இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினால் வயர் சூடாகும். ஃபியூஸ் போனால் அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள், போகாவிட்டால் தீப்பிடிக்கும். இரண்டையும் நேராகச் சுவர் பிளக்கில் செருகுங்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் ஓட்டுங்கள்.

இண்டக்‌ஷன் அடுப்பு என்றால் காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் சூடாகும். வெறும் அலுமினியமோ செம்போ வேலைக்கு ஆகாது. எவர்சில்வரிலும் சிலது ஒட்டும், சிலது ஒட்டாது. பாத்திரம் வாங்கப் போகும்போது சட்டைப் பையில் ஒரு சின்னக் காந்தம் இருக்கட்டும். கடைக்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

ஒரே ஒரு சாதனம்தான் வாங்க முடியும் என்றால் நான் ரைஸ் குக்கரைத்தான் சொல்வேன். பொத்தான் ஒன்றே ஒன்று உள்ள சாதாரண மாடல் போதும். அது வேலை செய்கிற விதம் தெரிந்தால் அதை வைத்துப் பாதிச் சமையலை முடித்துவிடலாம். உள்ளே தண்ணீர் இருக்கும் வரை பாத்திரத்தின் வெப்பம் 100 டிகிரி செல்சியஸை ஒட்டியே நிற்கும். அரிசி தண்ணீரைக் குடித்து முடித்ததும் வெப்பம் மளமளவென்று ஏறும். அடியில் இருக்கும் காந்தம் அந்தச் சூட்டில் பிடிப்பை இழக்கும், சுவிட்ச் டக்கென்று எகிறும். அவ்வளவுதான் அதன் மூளை.

இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. பருப்போ சூப்போ வைத்தால் தண்ணீர் தீராது, அதனால் குக்கர் தானாக அணையாது. நீங்கள்தான் பக்கத்தில் இருந்து அணைக்க வேண்டும். அதே குக்கரில் எண்ணெய் ஊற்றி வெங்காயம் வதக்கினால், தண்ணீரே இல்லாததால் இரண்டு நிமிடத்தில் சுவிட்ச் எகிறிவிடும். குக்கர் கெட்டுப்போய்விட்டது என்று நான் பயந்து கடைக்கே தூக்கிப் போனேன். கெடவில்லை. கொஞ்சம் ஆறவிட்டு மறுபடி அழுத்தினால் போதும்.

இரண்டாம் படி: பாத்திரங்கள்

இங்கே அதிகம் யோசிக்க வேண்டியதில்லை. மூடி உள்ள 3 லிட்டர் பாத்திரம் ஒன்று, 24 சென்டிமீட்டர் அளவில் வாணலியோ ஃப்ரையிங் பேனோ ஒன்று, நல்ல கத்தி ஒன்று, வெட்டும் பலகை, கரண்டி, வடிகட்டி. அளப்பதற்கு ஒரு டம்ளரை ஒதுக்கி, எப்போதும் அதையே பயன்படுத்துங்கள். நான்கு மலிவான கத்திகளுக்குப் பதில் கூராக இருக்கும் ஒன்று போதும். மொண்ணைக் கத்திதான் வெங்காயத் தோலில் வழுக்கி விரலுக்கு வரும். பலகைக்கு அடியில் ஈரத்துணி ஒன்றை விரித்தால் பலகை நகராது. நான்-ஸ்டிக் வாங்கினால் அதில் இரும்புக் கரண்டி போடாதீர்கள், வெறுமனே அடுப்பில் காயவிடாதீர்கள்.

மூன்றாம் படி: கடைக்குப் போவது

பொருள்களை எத்தனை நாள் தாங்கும் என்று பார்த்து மூன்று வகையாகப் பிரித்துக்கொள்வது என் வழக்கம்.

மாதக்கணக்கில் தாங்குபவை: அரிசி, பருப்பு, கொண்டைக்கடலை, பாஸ்தா, ஓட்ஸ், எண்ணெய், உப்பு, மிளகாய்த்தூள், மிளகு, சீரகம். வாரக்கணக்கில் தாங்குபவை: வெங்காயம், பூண்டு, உருளைக்கிழங்கு, கேரட், முட்டைக்கோஸ், முட்டை. நாள்கணக்கில் போய்விடுபவை: தக்காளி, கீரை, பால், தயிர், இறைச்சி.

முதல் வகையை மாதம் ஒருமுறை, இரண்டாவதை வாரம் ஒருமுறை வாங்கலாம். மூன்றாவது வகையில் ஒரு நேரத்தில் இரண்டு பொருளுக்கு மேல் வீட்டில் இருக்கக்கூடாது என்று எனக்கு நானே ஒரு விதி வைத்திருக்கிறேன். தக்காளியும் தயிரும் இருந்தால், அவை தீரும் வரை கீரை வாங்க மாட்டேன். குப்பைக்குப் போகும் காசு பெரும்பாலும் இந்த மூன்றாவது வகையில்தான் இருக்கிறது.

முட்டைக்கோஸைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதை யாரும் மதிப்பதில்லை. ஒரு முழுக்கோஸ் ஃபிரிட்ஜில் வாரக்கணக்கில் கிடக்கும். வெட்டிய இடம் கறுத்தால் அந்த ஓரத்தைச் சீவி எறிந்துவிட்டு மீதியைச் சமைக்கலாம். பச்சையாகவும் தின்னலாம், ஐந்து நிமிடத்தில் வதக்கியும் விடலாம், நூடுல்ஸிலும் போடலாம். உறைந்த பச்சைப் பட்டாணியும் அப்படித்தான். பறித்த கையோடு உறைய வைக்கப்படுவதால் சத்து பெரிதாகக் குறைவதில்லை. தேவையான கைப்பிடியை எடுத்துக்கொண்டு மீதியை ஃப்ரீஸரில் திருப்பி வைத்துவிடலாம்.

விலை பார்க்கும்போது பாக்கெட்டின் விலையைப் பார்க்காதீர்கள், கிலோவுக்கு எவ்வளவு வருகிறது என்று வகுத்துப் பாருங்கள். பெரிய பாக்கெட்தான் மலிவு என்று எப்போதும் சொல்ல முடியாது. மலிவாகவே இருந்தாலும், பத்து கிலோ அரிசி வாங்கி ஐந்தாவது கிலோவில் வண்டு விழுந்தால் என்ன லாபம்? முதல் மாதம் சின்னதாக வாங்குங்கள். எவ்வளவு செலவாகிறது என்று தெரிந்த பிறகு அளவைக் கூட்டிக்கொள்ளலாம்.

உருளைக்கிழங்கை வெளிச்சம் படாத, காற்றோட்டமான இடத்தில், வெங்காயத்தை விட்டுத் தள்ளி வையுங்கள். ஒன்றாகப் போட்டால் இரண்டும் சீக்கிரம் முளைக்கும், அழுகும். வெளிச்சம் பட்டுப் பச்சையான உருளையில் சோலனைன் என்ற நச்சு சேர்ந்திருக்கும். வேகவைத்தாலும் அது போகாது. லேசாகப் பச்சை என்றால் ஆழமாகச் சீவி எடுத்துவிடுங்கள். நிறையப் பச்சை, கசப்பு என்றால் எறிந்துவிடுங்கள்.

இறைச்சி தினமும் வாங்கக் கட்டுப்படியாகாது, புரதத்துக்கு என்ன செய்வது என்று கேட்பவர்கள் உண்டு. 100 கிராம் காய்ந்த பருப்பில் சுமார் 24 கிராம் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம். அரிசி, கோதுமை போன்ற தானியங்களில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, பருப்பில் அது நிறைய உண்டு. பருப்பில் மெத்தியோனின் குறைவு, அது தானியத்தில் கிடைக்கும். இரண்டையும் சாப்பிடுகிறவருக்கு ஒன்றின் குறையை மற்றது ஈடுகட்டிவிடும். ஒரே வேளையில் சேர்த்துச் சாப்பிட வேண்டும் என்றுகூட இல்லை, ஒரே நாளுக்குள் இருந்தால் போதும்.

நான்காம் படி: சோறு

ஒருவருக்கு 75 முதல் 100 கிராம் அரிசி. அரிசியை இரண்டு மூன்று முறை கழுவுங்கள். மேலே ஒட்டியிருக்கும் மாவு போய்விட்டால் சோறு அவ்வளவாகக் குழையாது.

ஒரு டம்ளர் வெள்ளை அரிசிக்கு இரண்டு டம்ளர் தண்ணீர் என்று ஆரம்பியுங்கள். பாத்திரத்தைத் திறந்து வைத்து, நல்ல தீயில் கொதிக்கவிடுங்கள். கொதி வந்ததும் தீயை எவ்வளவு குறைக்க முடியுமோ அவ்வளவு குறைத்து மூடுங்கள். இனி 12 முதல் 15 நிமிடம் மூடியைத் திறக்கக்கூடாது. திறந்தால் ஆவி போகும், மேலே இருக்கும் அரிசி அரைவேக்காடாக நிற்கும்.

திறக்காமல் எப்படித் தெரியும்? காதை வைத்துக் கேளுங்கள். முதலில் தண்ணீர் குமிழும் சத்தம், 'கொளகொள' என்று. கொஞ்ச நேரத்தில் அது அடங்கி, மெல்லிய 'சொரசொர' சத்தம் வரும். தண்ணீர் வற்றி அடியில் ஆவி மட்டும் இருக்கிறது என்று அர்த்தம். அந்தச் சத்தம் 'பொரபொர' என்று காய்ந்து கேட்டால் அடி பிடிக்கத் தொடங்கிவிட்டது. சொரசொரவுக்கும் பொரபொரவுக்கும் நடுவில் அணைக்க வேண்டும். அணைத்தபின் 10 நிமிடம் அப்படியே விடுங்கள். அடியில் இருக்கும் ஈரம் மேலே ஏறிப் பரவ அந்த நேரம் வேண்டும். அப்புறம் திறந்தால் சோற்றின் மேல்பரப்பில் சின்னச் சின்னக் குழிகள் தெரியும். ஆவி வெளியேறிய வழி அது. குழி தெரிந்தால் வெற்றி.

பழைய அரிசி அதிகத் தண்ணீர் குடிக்கும், புது அரிசிக்குக் குறைவு போதும். அதனால் முதல் தடவை சரியாக வராது. குழைந்தால் அடுத்த முறை கால் டம்ளர் குறையுங்கள், விறைப்பாக இருந்தால் கால் டம்ளர் கூட்டுங்கள். மூன்றாவது முறை உங்கள் அரிசியின் அளவு உங்களுக்குத் தெரிந்துவிடும். அந்த அளவை டப்பாவின் மேலேயே எழுதி ஒட்டுங்கள்.

அளவே வேண்டாம் என்பவர்கள் தண்ணீரை நிறையக் கொதிக்கவைத்து, அரிசியைப் போட்டு, ஒரு பருக்கையை நசுக்கிப் பார்த்து வெந்ததும் வடித்துவிடலாம். இதில் தப்பு நடக்கவே வாய்ப்பில்லை. பாஸ்தாவும் இதே முறைதான். பாஸ்தாவை வடிக்கும்போது அந்தத் தண்ணீரில் அரை டம்ளர் எடுத்து வையுங்கள், ஆறாம் படியில் வேலை இருக்கிறது.

ஐந்தாம் படி: பருப்பு

தோல் நீக்கிய சிவப்புப் பருப்பு அல்லது பாசிப்பருப்பில் ஆரம்பியுங்கள். ஊறவைக்க வேண்டாம், பிரஷர் குக்கர் வேண்டாம், 20 முதல் 25 நிமிடத்தில் வெந்துவிடும். ஒரு டம்ளர் பருப்புக்கு மூன்று டம்ளர் தண்ணீர். கொதிக்கும்போது நுரை பொங்கி வழியும். அதனால் பாதிக்கு மேல் பாத்திரத்தை நிரப்பாதீர்கள், மூடியைச் சாய்த்து வையுங்கள். நுரையைக் கரண்டியால் எடுத்துப் போடலாம், போடாவிட்டாலும் ஒன்றும் ஆகாது.

தக்காளி, எலுமிச்சை போன்ற புளிப்புகளைப் பருப்பு வெந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். புளிப்பு முன்னாலேயே சேர்ந்தால் பருப்பு மிருதுவாக வெகுநேரம் ஆகும். இதைப் போலவே உப்பையும் கடைசியில்தான் போட வேண்டும் என்பார்கள். அதில் உண்மை இல்லை. கடலை வகைகளை உப்புத் தண்ணீரில் ஊறவைத்தால் தோல் இன்னும் நன்றாகவே மிருதுவாகும்.

பருப்பு வெந்ததும் சின்ன வாணலியில் இரண்டு ஸ்பூன் எண்ணெயைக் காயவைத்து, அரை ஸ்பூன் சீரகம், நசுக்கிய பூண்டு நாலைந்து பல் போட்டு, பூண்டின் ஓரம் பொன்னிறமானதும் பருப்பில் கொட்டுங்கள். மிளகாய்த்தூள் போடுவதானால் எண்ணெயை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகு போடுங்கள், இல்லாவிட்டால் ஒரே நொடியில் கருகும். இந்தக் கடைசி இரண்டு நிமிட வேலை இல்லாவிட்டால் அது வெறும் வெந்த பருப்புதான்.

கொண்டைக்கடலைக்கு 8 முதல் 12 மணி நேரம் ஊறல், அப்புறம் சாதாரணப் பாத்திரத்தில் ஒரு மணி நேரமோ அதற்கு மேலோ வேக்காடு. சிவப்பு ராஜ்மா விஷயத்தில் மட்டும் விளையாடக்கூடாது. அதில் இயற்கையாகவே ஒரு நச்சுப் புரதம் இருக்கிறது. வேகாத ராஜ்மா நாலைந்து வயிற்றுக்குள் போனாலே வாந்தியும் பேதியும் வரலாம். குறைந்தது 5 மணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீரில் அரை மணி நேரம் நன்றாகத் தளதளவென்று கொதிக்கவிடுங்கள். அதற்குப் பிறகும் மெத்தென்று ஆகும் வரை வேகட்டும். குறைந்த சூட்டில் மெதுவாக வேகவைக்கும் மின்சாரப் பாத்திரங்கள் இதற்கு ஆகாது. அந்தச் சூடு நச்சை அழிக்கப் போதாது.

ஆறாம் படி: வெங்காயம் தக்காளி மசாலா

இந்த வழிகாட்டியில் ஒன்றைத்தான் கற்றுக்கொள்வேன் என்றால் இதைக் கற்றுக்கொள்ளுங்கள்.

நான்கு பெரிய வெங்காயம், நான்கு தக்காளி, ஆறு பல் பூண்டு. வெங்காயத்தைப் பொடியாக, ஒரே அளவில் நறுக்குங்கள். அளவு மாறினால் சின்னத் துண்டு கருகும்போது பெரிய துண்டு பச்சையாக நிற்கும். வாணலியில் மூன்று ஸ்பூன் எண்ணெய், மிதமான தீ, வெங்காயம், ஒரு சிட்டிகை உப்பு. உப்பு வெங்காயத்திலிருந்து தண்ணீரை இழுத்து வெளியே விடும்.

முதல் ஐந்து நிமிடம் நிறமே மாறாது, வாணலியில் ஈரச் சத்தம் மட்டும் கேட்கும். இங்கேதான் எல்லோரும் பொறுமை இழந்து தீயைக் கூட்டுகிறார்கள். கூட்டினால் ஓரம் கருகும், உள்ளே பச்சை வாடை நிற்கும். வெங்காயம் சிவப்பதற்குச் சுமார் 140 டிகிரிக்கு மேல் சூடு வேண்டும்; தண்ணீர் இருக்கும் வரை வாணலி 100 டிகிரியை விட்டு ஏறாது. ஆக, முதலில் தண்ணீர் போகட்டும். கண்ணாடி போல ஆகும், அப்புறம் மஞ்சளாகும், 15 நிமிடத்தில் ஓரங்கள் பொன்னிறமாகும். அடியில் பழுப்பாக ஒட்டத் தொடங்கினால் ஒரு கரண்டித் தண்ணீர் தெளித்துச் சுரண்டுங்கள். ஒட்டியது கரைந்து வெங்காயத்தோடு சேரும். ருசி முழுக்க அந்தப் பழுப்பில்தான் இருக்கிறது.

இப்போது பூண்டு, ஒரு நிமிடம் மட்டும். பூண்டை வெங்காயத்தோடு முதலிலேயே போட்டால் கருகிக் கசக்கும். அடுத்து அரை ஸ்பூன் மிளகாய்த்தூள், அரை ஸ்பூன் சீரகத்தூள். உடனே தக்காளி, உப்பு. மூடி வைத்து ஐந்து நிமிடம், திறந்து பத்து நிமிடம். தக்காளியின் புளிப்பு வாடை போய், கரண்டியால் ஒதுக்கினால் மசாலாவின் ஓரத்தில் எண்ணெய் பிரிந்து மினுங்கும். அதுதான் அடையாளம்.

இந்த மசாலா டப்பாவில் இருக்கும் வரை உங்களுக்குப் பட்டினி இல்லை. வெந்த பாஸ்தாவைப் போட்டு, எடுத்து வைத்த பாஸ்தாத் தண்ணீரை ஊற்றிக் கிளறினால் அந்தத் தண்ணீரில் இருக்கும் மாவு எல்லாவற்றையும் ஒட்டவைக்கும். பத்து நிமிடச் சாப்பாடு. வெந்த கொண்டைக்கடலையும் ஒரு டம்ளர் தண்ணீரும் சேர்த்துக் கொதிக்கவிட்டால் குழம்பு. வெந்த உருளையை உடைத்துப் போட்டால் ரொட்டிக்குத் தொட்டுக்கொள்ளலாம். கொஞ்சம் நீர்க்க வைத்து, நடுவில் குழி பண்ணி இரண்டு முட்டையை உடைத்து ஊற்றி, மூடி ஐந்தாறு நிமிடம் வைத்தால் அது தனி ஒரு சாப்பாடு. எனக்குப் பிடித்தது இந்தக் கடைசிதான்.

ஏழாம் படி: முட்டை

கொதிக்கும் தண்ணீரில் மெதுவாக இறக்கி, 7 நிமிடம் என்றால் மஞ்சள் கரு இளகலாக இருக்கும், 10 நிமிடம் என்றால் கெட்டி. எடுத்ததும் பச்சைத் தண்ணீரில் போடுங்கள். ஆம்லெட்டுக்குத் தீ மிதம், பொரிப்பதற்கும் மிதம். அவ்வளவுதான், முட்டை மன்னிக்கும் குணமுள்ளது.

எட்டாம் படி: ஞாயிற்றுக்கிழமை ஒன்றரை மணி நேரம்

அடுப்பு ஒன்றுதான் என்பதால் வரிசைதான் எல்லாம். முதலில் பருப்பை ஏற்றுங்கள். அது வேகும்போது வெங்காயம், தக்காளி, பூண்டு நறுக்கி முடிக்கலாம். பருப்பை இறக்கிவிட்டு வாணலியை ஏற்றி மசாலா. அது சுண்டும்போது கால் கோஸையும் இரண்டு கேரட்டையும் நறுக்குங்கள். மசாலாவை டப்பாவுக்கு மாற்றிவிட்டு அதே வாணலியைக் கழுவாமல் கோஸையும் கேரட்டையும் போட்டு வதக்குங்கள். ஒட்டியிருக்கும் மசாலா அதற்குப் போதும். அப்புறம் நான்கு முட்டை வேகவையுங்கள். கடைசியில் சோறு, அன்றைக்கு மட்டும்.

ஞாயிறு சோறும் பருப்பும் கோஸும். திங்கள் மசாலாவில் பாஸ்தா. செவ்வாய், மீதிப் பருப்பில் தண்ணீர் ஊற்றி, மிளகு தட்டிப் போட்டு சூப், கூட ரொட்டியும் வெந்த முட்டையும். புதன் மீதி மசாலாவில் முட்டை. வியாழன் டப்பா காலி. அன்றைக்குச் சோம்பல் என்றால் வெளியே சாப்பிடுங்கள், குற்ற உணர்ச்சி வேண்டாம்.

சோற்றை மட்டும் ஏன் மொத்தமாக வைக்கவில்லை என்று கேட்கலாம். அதற்குத்தான் அடுத்த படி.

ஒன்பதாம் படி: மீதியை எப்படி வைப்பது

அரிசியில் பேசில்லஸ் செரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் இருக்கும். சமைக்கும் சூட்டுக்கும் அவை தாங்கிவிடும். வெந்த சோறு மணிக்கணக்கில் வெளியே இருந்தால் அவை முளைத்துப் பெருகி நச்சை விடும். வாந்தியை உண்டாக்கும் அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. 'நன்றாகச் சூடு பண்ணித்தானே சாப்பிட்டேன்' என்று சொல்லிக்கொண்டே என் அறைத்தோழன் ஒரு தேர்வுக்கு முந்தைய இரவு முழுக்கக் கழிவறையில் இருந்தான். மீதிச் சோற்றைத் தட்டில் பரப்பி ஆறவைத்து ஒரு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வையுங்கள், மறுநாளே முடித்துவிடுங்கள், ஒரு முறைக்கு மேல் சூடாக்க வேண்டாம். பாஸ்தாவையும் இப்படியே நடத்துங்கள்.

மற்ற உணவுக்கு இரண்டு மணி நேரக் கணக்கு. 5 முதல் 60 டிகிரி வரை பாக்டீரியாவுக்குக் கொண்டாட்டம். அதனால் ஆழமான பாத்திரத்தில் அப்படியே ஆறவிடாமல் ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து ஃபிரிட்ஜில் வையுங்கள். 5 டிகிரிக்குக் கீழே இருக்கும் ஃபிரிட்ஜில் பருப்பும் மசாலாவும் மூன்று நாள் தாங்கும். எடுக்கும்போது தேவையான அளவை மட்டும் எடுத்து ஆவி பறக்கச் சூடாக்குங்கள். ஃபிரிட்ஜே இல்லை என்றால் எட்டாம் படியை மறந்துவிடுங்கள். அந்தந்த வேளைக்கு மட்டும் சமையல், மீதி இல்லாத அளவு.

கோழி வாங்கினால் கழுவாதீர்கள். தண்ணீர் தெறித்துக் கிருமி தொட்டியெல்லாம் பரவும். கொல்வது சூடுதான், உள்ளே 74 டிகிரி வர வேண்டும். பெரிய துண்டை வெட்டிப் பார்த்து, நடுவில் இளஞ்சிவப்பு இல்லாமல் சாறு தெளிவாக இருக்கிறதா என்று பாருங்கள். கோழி வெட்டிய பலகையை சோப்பு போட்டுக் கழுவிய பிறகுதான் அதில் காய் நறுக்க வேண்டும்.

கெட்டில் மட்டும்தான் இருக்கிறது என்றால்

வாய் அகலமான ஃபிளாஸ்க் ஒன்று வாங்குங்கள். ராத்திரி ஓட்ஸைப் போட்டுக் கொதிநீர் ஊற்றி மூடினால் காலையில் கஞ்சி தயார். மெல்லிய அரிசி நூடுல்ஸும் கிண்ணத்தில் கொதிநீரிலேயே மெத்தென்றாகும். கெட்டிலுக்குள்ளேயே பாலையோ நூடுல்ஸையோ போடாதீர்கள். அடி கருகும், பொங்கி வழிந்து மின்சாரப் பகுதிக்குள் இறங்கும்.

உடனடி நூடுல்ஸ் 1958-ல் ஜப்பானில் வந்தது. அன்றிலிருந்து மாணவர்களைக் காப்பாற்றி வருகிறது, நான் அதைத் திட்டப்போவதில்லை. உப்புதான் பிரச்சினை. ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பல பிராண்டுகளில் ஒரே பாக்கெட்டில் அதன் பெரும்பங்கு வந்துவிடுகிறது. மசாலாப் பொட்டலத்தில் பாதியைப் போடுங்கள், ஒரு கை நிறையக் கோஸும் பட்டாணியும் வேகவைத்த முட்டையும் சேருங்கள்.

கைமீறிப் போகும்போது

உப்பு கூடிவிட்டால் உருளைக்கிழங்கைப் போட்டால் உறிஞ்சிவிடும் என்பார்கள். அது கொஞ்சம் உப்புத் தண்ணீரைக் குடிக்கும், அவ்வளவுதான். மீதி அதே கரிப்போடுதான் இருக்கும். தண்ணீரோ பருப்போ கூட்டி அளவைப் பெருக்குவதுதான் வழி. காரம் கூடினால் தயிர். சப்பென்று இருந்தால் உப்பைக் கூட்டுவதற்கு முன் நாலு சொட்டு எலுமிச்சை பிழிந்து பாருங்கள். பல நேரம் குறைவது புளிப்புதான். அடி பிடித்துவிட்டால் கிளறவே கிளறாதீர்கள், சுரண்டாதீர்கள். மேலே இருப்பதை வேறு பாத்திரத்துக்கு மாற்றினால் கருகல் வாடை வராமல் தப்பலாம்.

எண்ணெய் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றக்கூடாது. தண்ணீர் ஒரு நொடியில் ஆவியாகி, எரிகிற எண்ணெயைக் கூரை வரை தூக்கி எறியும். அடுப்பை அணைத்து, மூடியைப் பக்கவாட்டில் தள்ளி மூடி, ஆறும் வரை தொடாதீர்கள். தீ பெரிதாகிவிட்டால் கிட்டப் போகாமல் கதவைச் சாத்திக்கொண்டு வெளியேறி, தீயணைப்புக்குச் சொல்லுங்கள். கை சுட்டுக்கொண்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, வெண்ணெய், ஐஸ் எதுவும் வேண்டாம்.

சேர்ந்து சமைப்பது பற்றி

இரண்டு மூன்று பேர் சேர்ந்தால் செலவும் குறையும், நாள்கணக்கில் கெடும் பொருளும் தீர்ந்துபோகும். ஆனால் சண்டை வருவது காசில் அல்ல, கழுவாத பாத்திரத்தில். எங்கள் அறையில் சமைத்தவர் கழுவ வேண்டாம் என்று விதி இருந்தது. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் சமைப்பவன் அலமாரியில் உள்ள எல்லாப் பாத்திரத்தையும் எடுத்து அழுக்காக்கினான். மறுவாரமே மாற்றினோம்: வாணலியும் கரண்டியும் கத்தியும் சமைத்தவர் பொறுப்பு, தட்டு அவரவர் பொறுப்பு. அடிபிடித்த பாத்திரம் மட்டும் யார் பிடிக்கவைத்தாரோ அவருடையது. அதில் தண்ணீரும் ஒரு ஸ்பூன் சமையல் சோடாவும் போட்டுப் பத்து நிமிடம் கொதிக்கவைத்து, ராத்திரி ஊறவிட்டால் காலையில் பெரும்பாலும் உரிந்து வந்துவிடும்.